ரத்தம் எங்களுது, போன் நம்பர் யாருது?

41 பெண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். 41 பேரின் ரிசல்ட்டும் ஒரே ஒரு போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் போன் சூப்பர்வைசருடையது.

எங்கள் ஊர் நகராட்சியில் காண்ட்ராக்டில் குப்பை அள்ளும் பெண்களுக்காகத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று நடத்திய இலவச மருத்துவ முகாமைப் பற்றித்தான் சொல்கிறேன். துப்புரவுத் தொழிலாளி என்று சொல்லக் கூடாதாம், இப்போது தூய்மைப் பணியாளர். பேரை மாற்றினார்கள், வேறு எதை மாற்றினார்கள்? முகாமுக்குப் பேனர் கட்டினார்கள், கவுன்சிலர் வந்து விளக்கேற்றினார், போட்டோ எடுத்தார்கள், ரத்தம் கொடுத்த கைக்கு ஒரு வாழைப்பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். 'ரிசல்ட் எல்லாம் ஆன்லைன்ல வந்துரும், லிங்க் வரும், பாத்துக்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யார் போனுக்கு வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற இடத்தில் அந்தப் பெண்களை எவன் நிற்க வைத்திருக்கிறான்?

என் சின்னம்மா அந்த 41 பேரில் ஒருத்தி. ஒரு வாரம் பொறுத்து, காலையில் ஷெட்டில் மஸ்டர் கையெழுத்துப் போடும்போது, 'என்னா சார், என் ரத்தம் எப்படி இருக்குதாம்?' என்று கேட்டிருக்கிறது. அவன் போனை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, 'ஒண்ணும் இல்ல போம்மா, ரத்தம் கொஞ்சம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்புடு' என்றானாம். அவ்வளவுதான் மருத்துவ ஆலோசனை. சின்னம்மாவும் காசு இருந்த அன்றைக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றது. முட்டி வலிக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டி தள்ளியது.

ஏழு மாதம் கழித்து, வண்டியைப் பிடித்தபடியே தெருவில் விழுந்தது. அரசு ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு. 'இதுக்கு முன்னாடி எடுத்த பிளட் டெஸ்ட் ஏதாவது இருக்குதாண்ணா?' என்று என்னைக் கேட்டது. இருக்கிறது, ஆனால் எங்களிடம் இல்லை என்றேன். அந்தப் பொண்ணுக்குப் புரியவில்லை. எனக்கும் அதைச் சொல்லும்போதுதான் புரிந்தது.

சூப்பர்வைசரிடம் நாலு நாள் நடந்தேன். முதல் நாள், ஓ.டி.பி. வர மாட்டேங்குது. இரண்டாம் நாள், பழைய மெசேஜெல்லாம் அழிஞ்சிடுச்சு. மூன்றாம் நாள், காண்ட்ராக்டரைக் கேக்காமக் குடுக்க முடியாது. நாலாம் நாள் தோழர்கள் ஆறு பேரோடு போனேன், அரை நிமிஷத்தில் பி.டி.எஃப். என் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய ஹீமோகுளோபின் 8.1. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 52. இரண்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் குறைவு என்று குறியோடு. இப்போது எடுத்ததில் ஹீமோகுளோபின் 6.9. இ.ஜி.எஃப்.ஆர். 38.

டாக்டர் பொண்ணு பொறுமையாகச் சொன்னது. ரத்தம் ஊறுவதற்கு ஒரு ஹார்மோன் வேண்டும், அதைச் சுரப்பது கிட்னி. கிட்னி கெட்டால் ரத்தமும் குறையும், அதற்குப் பேரீச்சம்பழம் மருந்தல்ல. கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள் கெட்டுக்கொண்டிருந்த கிட்னியை மேலும் கெடுக்கக்கூடியவை. 'அப்பவே இந்தப் பேப்பரை யாராவது காட்டியிருந்தா மொதல்ல அந்த மாத்திரையத்தான் நிறுத்தியிருப்பேன்' என்றது. இதைக் கொலை என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. அவர் சொன்னதே எனக்குப் போதும்.

இதோடு முடிந்தால் அலட்சியம் என்று விட்டுவிடலாம். முடியவில்லை. எங்களுக்குத் தெரியாத எல்லாம் சூப்பர்வைசருக்குத் தெரிந்திருந்தது. யாருக்குச் சுகர், யாருக்குப் பிரஷர், யாருக்கு ரத்தம் இல்லை, 41 பேர் உடம்பும் அவன் பாக்கெட்டில். ஒரு அம்மாவை ஷெட்டில் எல்லார் முன்னாலும், 'ஏ சுகரு, டீயில சர்க்கரை போடாத' என்று கூப்பிட்டிருக்கிறான். சிரித்தார்களாம். இன்னொரு அம்மாவை மறுமாதம் மஸ்டரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 'நாளைக்கு ரோட்டுல விழுந்து கெடந்தா காண்ட்ராக்டரா பதில் சொல்றது?' ஆக ரிசல்ட் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது தோழர்களே, உடம்புக்குச் சொந்தக்காரிக்கு எதிராக.

நம் ஆட்களுக்கு இது புதுசா? பஞ்சமி நிலத்தின் பத்திரம் எத்தனை சேரிகளில் ஆண்டை வீட்டுப் பீரோவில் கிடந்தது! 1892இல் அரசாங்கமே நிலம் ஒதுக்கியும், படிக்கத் தெரியாதவனின் காகிதத்தைப் 'பத்திரமா வச்சிருக்கேன்' என்று வாங்கி வைத்துக்கொண்டவன் கையில்தான் நிலமும் போனது. இப்போது ரத்தத்தின் காகிதத்தை மேஸ்திரி 'பத்திரமாக' வைத்திருக்கிறான். பாரத்தில் 'மொபைல் எண்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் யாருடைய நம்பரை எழுதுவது என்பதில் சாதி இருக்கிறது, ஆம்பளைத் திமிர் இருக்கிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தான் பயன்படுத்த ஒரு போன் உள்ள பெண்கள் இந்தியாவில் 100க்கு 54 பேர். மீதி 46 பேரின் கட்டத்தில் புருஷன் நம்பர், மகன் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், மேஸ்திரி நம்பர்.

ரிசல்ட்டை உடம்புக்காரனிடம் மறைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு ஊர் இருக்கிறது. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி. 1932இல் அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஏறக்குறைய 600 கறுப்பின ஏழை விவசாயிகளைச் சேர்த்தது. 399 பேருக்குச் சிபிலிஸ் நோய். அவர்களிடம் நோயின் பேரைச் சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்' என்றார்கள். இலவசச் சோதனை, இலவசச் சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவு. 1940களின் கடைசியில் பென்சிலின் இந்த நோய்க்கு மருந்தென்று நிலைத்த பிறகும் கொடுக்கவில்லை. சிகிச்சை இல்லாமல் நோய் எப்படி முற்றுகிறது என்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், 40 வருஷம். 1972இல் பத்திரிகையில் வெளியே வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். பம்பாயில் தலித் சிறுத்தைகள் கிளம்பியதும் அதே 1972தான். ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டபோது 1997 ஆகியிருந்தது. 'கெட்ட ரத்தம்' என்பதற்கும் 'ரத்தம் கொஞ்சம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்புடு' என்பதற்கும் எத்தனை மைல் தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

சின்னம்மாவின் 52ஐப் பார்த்ததும் அதே அமெரிக்காவின் இன்னொரு கதையும் ஞாபகம் வந்தது. இந்த இ.ஜி.எஃப்.ஆர். யாரும் நேரடியாக அளந்து பார்ப்பதல்ல. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுவது. அங்கே 2009 முதல் புழங்கிய சூத்திரத்தில், ஆள் கறுப்பர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கினார்கள். கறுப்பருக்குச் சதை அதிகம் என்று ஒரு அனுமானம்! சின்னம்மாவுக்கு வந்த அதே 52 ஒரு கறுப்பின அம்மாவுக்கு வந்திருந்தால் காகிதத்தில் 60 என்று அச்சாகியிருக்கும். 60க்குக் கீழே போனால்தான் கவனி என்பது விதி. 20க்கோ அதற்குக் கீழோ வந்தால்தான் மாற்றுக் கிட்னி வரிசையில் நாள் எண்ணத் தொடங்குவார்கள். காகிதத்தில் ஆரோக்கியமாகவே இருந்து எத்தனை பேர் வரிசைக்கு வெளியே செத்தார்களோ. கறுப்பின மருத்துவ மாணவர்களும் மருத்துவர்களும் போராடி, 2021இல் அந்தப் பெருக்கலை எடுக்க வைத்தார்கள். 2023 முதல், அதனால் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கணக்கில் சேர்க்கவும் வைத்தார்கள். எண்களுக்கு இனம் இல்லை, சாதி இல்லை என்று இனிமேல் யாராவது வகுப்பெடுத்தால் இந்த 1.159ஐ அவர் முன்னால் வையுங்கள்.

'எல்லாத்தையும் நேரா பேஷண்டுக்குக் காட்டுனா பயந்துருவாங்க, புரியாது' என்று சொல்லும் படித்த மேதாவிகளுக்கு ஒரு வார்த்தை. 2021 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவில் ரிசல்ட் தயாரானதும் தாமதமில்லாமல் நோயாளி பார்க்க விட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அங்கேயும் டாக்டர்கள் இதே பாட்டைத்தான் பாடினார்கள். பிறகு 8,000 பேருக்கு மேல் நோயாளிகளைக் கேட்டு 2023இல் ஓர் ஆய்வு வந்தது. 100க்கு 95 பேருக்கு மேல், கெட்ட செய்தியாக இருந்தாலும் எங்களுக்கு உடனே தெரியட்டும் என்றார்கள். எங்கள் ஆட்களுக்குப் புரியாதாம்! அயோத்திதாசப் பண்டிதர் யார்? சித்த வைத்தியர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய கைதான் நாடியும் பிடித்தது. ஊரே எங்கள் கிழவிகளின் கையில்தான் பிறந்து விழுந்தது. தீட்டு என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை மட்டும் அந்தக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். உடம்பைப் பற்றிய அறிவு எங்களுக்கு அந்நியமானதல்ல. இங்கிலீஷில் அச்சடித்து, பாஸ்வேர்டு பூட்டுப் போட்டு, அடுத்தவன் போனுக்கு அனுப்பிவிட்டுப் புரியாது என்றால் எப்படிப் புரியும்?

அரசாங்கம் என்ன செய்கிறது? 2021 செப்டம்பரில் தேசம் முழுக்க டிஜிட்டல் ஆரோக்கியத் திட்டம் தொடங்கியது. ஆபா என்று 14 இலக்க எண். அதில் எந்த ஆஸ்பத்திரி ரிசல்ட்டையும் இணைத்து உங்கள் போனிலேயே பார்க்கலாம், உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் போகாது என்கிறார்கள். எண் வாங்குவது கட்டாயமில்லை என்றும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அதன் வாசலில் நிற்பது ஆதார் ஓ.டி.பி. ஆதாரோடு இணைத்த நம்பர் எது? எப்போதோ ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போன நம்பர். கைரேகை வைக்கலாம் என்றால், பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பெல்லிங், இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். ஆளும் ரத்தமும் ஒன்றுதான், பேர் சேரவில்லை என்று எந்திரம் தள்ளிவிடுகிறது.

2023இல் தனிமனிதத் தகவல் பாதுகாப்புக்கு ஒரு சட்டமும் போட்டார்கள். என் தகவலைக் காட்டு, தப்பைத் திருத்து, அழி என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. 2025 நவம்பரில் விதிகளை அறிவிக்கும்போது இந்த உரிமைகளுக்கு 18 மாதம் தவணை வைத்தார்கள். அதே சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படித்தீர்களா மாணவத் தோழர்களே? வேலை சம்பந்தப்பட்ட காரியங்களுக்கும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பாற்றவும், தொழிலாளியின் தகவலைச் சம்மதம் கேட்காமலே கையாளலாம் என்கிறது. மஸ்டரிலிருந்து ஒரு அம்மாவை எடுத்தார்களே, அந்தக் காண்ட்ராக்டருக்கு நாளைக்கு வக்கீல் தேடித் தருகிற வரி அது.

இவ்வளவு கத்திவிட்டு என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை. எங்கள் வீட்டில் எல்லார் கட்டத்திலும் என் நம்பர்தான். அப்பாவுக்கு எடுத்த ஸ்கேன் ரிசல்ட் என் போனில் 11 நாள் திறக்காமல் கிடந்தது. பாஸ்வேர்டு கேட்டது, பேரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். அப்பா பிறந்த வருஷம் யாருக்குத் தெரியும்? ஆதாரில் ஜனவரி 1 என்று எவனோ போட்ட தேதி ஒன்று, லேபில் உத்தேசமாகச் சொன்ன வயசு ஒன்று. ரெண்டு தடவை முயன்றேன், அப்புறம் ஒரு கருத்தரங்கத்துக்குப் போய்விட்டேன். தலைப்பு 'உடலும் அதிகாரமும்'. அப்பா தினமும், 'ஏம்பா, அது வந்துடுச்சா?' என்று கேட்டதற்கு, 'வரும்பா' என்றேன். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 11 நாள் நான் யாராக இருந்தேன்? நானும் ஒரு சூப்பர்வைசர்தான்.

அதனால்தான் மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் அம்பேத்கர் படிப்பகத்தில் உட்கார்ந்து ரிசல்ட் படிக்கிறோம். முதல் வேலை அவரவர் நம்பரை அவரவர் பேரில் போட வைப்பது. பட்டன் போனாக இருந்தாலும் சரி, ஓ.டி.பி. அதிலும் வரும். போனே இல்லாதவர் காகிதமாகக் கொடு என்று கேட்க வேண்டும். பிறகு படிக்கத் தொடங்கினால், முதலில் பார்ப்பது பேரும் வயசும். சிரிக்காதீர்கள், அந்த 41 பேரில் ஒரே பேரில் இரண்டு அம்மாக்கள். ஒருத்தியின் சுகரை இன்னொருத்தியுடையது என்று நினைத்து மூன்று மாதம் சோற்றைக் குறைத்திருக்கிறார்கள். அப்புறம் ரத்தம் எடுத்த தேதி, சாப்பிட்டு எடுத்ததா வெறும் வயிற்றிலா. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எல்லை அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் அது ஆரோக்கியமானவர்கள் ஒரு கூட்டத்தை அளந்து, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் கழித்து, நடுவில் நின்ற 100க்கு 95 பேரை வைத்துப் போட்ட கோடு. நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கத்தான் செய்வார். ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துச் சாவு வீடு மாதிரி அழ வேண்டியதில்லை. அதற்காக எல்லாரிடமும் இருக்கிறது, எனவே சாதாரணம் என்றும் விடக்கூடாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் போனால் ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு அது இருந்தது. பாதிப் பேருக்கு மேல் என்பதால் அது ஊர் வழக்கம் ஆகிவிடுமா? ரத்தசோகை உள்ளவருக்கு மூணு மாதச் சுகர் டெஸ்ட் தப்புக் கணக்குக் காட்டலாம் என்பதும் அந்த டாக்டர் பொண்ணு சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு காகிதத்தைத் தனியாகப் படிப்பதைவிடப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 52 தனியாக ஒரு எண், 38ஐப் பக்கத்தில் வைத்தால்தான் அது கீழே இறங்குவது தெரிகிறது.

வார்த்தைகளும் ஏமாற்றும். பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே என்று காசநோய் ரிசல்ட்டைக் காட்டிச் சந்தோஷப்பட்ட ஒரு பெரியவரை நான் பார்த்தேன். அவரைத் திருத்தும்போது என் நாக்கு உள்ளே போய்விட்டது.

போனில் உள்ள எந்திரத்திடம் போட்டால் தமிழிலேயே விளக்கிவிடுகிறது என்று மாணவத் தம்பிகள் சொல்கிறார்கள். வார்த்தைக்கு அர்த்தம் கேளுங்கள், தப்பில்லை. பேரும் போன் நம்பரும் உள்ள பக்கத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அதற்குச் சின்னம்மா ஏழு மாதம் வலி மாத்திரை போட்டது தெரியாது, நாம் சொன்னால்தான் உண்டு. நமக்கே அது தெரியாமல்தானே இருந்தது. கடைசியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, 'இது ஏன் குறையுது?' என்று கேட்டே ஆக வேண்டும். கேட்கத் தைரியம் வருவதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

இதெல்லாம் தொண்டு நிறுவன வேலை, சீர்திருத்தவாதம், நிலமும் அதிகாரமும்தான் பிரச்சினை என்று இரண்டு மூத்த தோழர்கள் கோபித்துக்கொண்டார்கள். அண்ணே, நிலப் போராட்டத்துக்குக் கூப்பிட்டால் முதல் வரிசையில் வந்து உட்காருகிறவர்கள் இந்தப் பெண்கள்தான். 6.9 ஹீமோகுளோபினோடு எத்தனை நாள் உட்காருவார்கள்? சாதி ஒழிப்பைப் பற்றி நூறு துண்டறிக்கை எழுதிய நாம், நம்மைப் பெற்றவளின் ரத்தக் காகிதம் ஒன்றைப் படித்திருக்கிறோமா?

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, அதையும் விட வேண்டாம். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். 2018இல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனமும் பரிசோதனை அறிக்கைகளைப் பெறுவது உரிமை என்கிறது. அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில்.

முகாம் நடத்திய ஆஸ்பத்திரிக்கு 38 பேர் கையெழுத்தோடும் ரேகையோடும் மனு கொடுத்தோம். மூன்று பேர் பயந்து போடவில்லை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், மஸ்டர் காண்ட்ராக்டர் கையில் இருக்கிறது. கேட்டது மூன்றே மூன்று. ரிசல்ட்டை ஆளுக்கு ஒரு பிரதி காகிதத்தில் கொடு. சூப்பர்வைசரின் நம்பரை எங்கள் பேரிலிருந்து எடு. மஸ்டரிலிருந்து எடுத்த அம்மாவின் ரிசல்ட்டை யார் யாருக்கு அனுப்பினாய் என்று எழுத்தில் சொல். அந்த அம்மாவை மறுபடி வேலைக்குச் சேர்க்கச் சொல்லி நகராட்சிக்குத் தனி மனு.

72 மணி நேரம் நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. பதில் இல்லை. சூப்பர்வைசர் மட்டும் சின்னம்மாவுக்குப் போன் பண்ணி, 'எதுக்கும்மா இதெல்லாம், என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டனா?' என்றானாம். 'நீ சொன்னது போதும் சார்' என்று சொல்லி வைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஷெட் வாசலில் கூடி ஆஸ்பத்திரிக்கு நடக்கிறோம். சின்னம்மா ஆட்டோவில் வரும்.